மேற்கே மழை, கிழக்கே கரும்பு: புனே மாவட்டம்

புனே என்றால் நம்மவர்களுக்கு நகரம்தான். ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை, கல்லூரிக்குப் போன பிள்ளை, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற மாமா. அந்த நகரத்தைச் சுற்றிக் கிடக்கும் மாவட்டத்தை, லோணாவளாவில் சிக்கி மிட்டாய் வாங்க ரயிலிலிருந்து எட்டிப் பார்த்தால் உண்டு. மாவட்டத்தின் பரப்பு 15,643 சதுர கிலோமீட்டர். திண்டுக்கல்லும் திருவண்ணாமலையும் சேர்ந்தாலும் அவ்வளவு வராது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 94 லட்சம்.

ஒரு மாவட்டத்தை வரலாறு, நிலம், காணத்தக்க இடங்கள் என்று வகுத்து எழுதுவது இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் கவுண்டிகளைப் பற்றி எழுதிப் பழகிய முறை. கெண்ட் கவுண்டியைப் பற்றி வில்லியம் லாம்பார்டு 1576-லேயே நூல் எழுதிவிட்டார். அதே பழக்கத்தோடு இங்கே வந்த அதிகாரிகள் பம்பாய் மாகாணத்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கெஸட்டியர் தயாரித்தார்கள். பூனா மாவட்டத்துக்கு 1885-இல் மூன்று பாகங்கள் வந்தன. கிணறு, வரி, சாதி, சந்தை, கோட்டை என எதையும் விடவில்லை. இன்றும் புனேயைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைப் புரட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அத்தனை தகவலையும் எது ஒன்றாகக் கட்டுகிறது என்று கேட்டால் அதில் பதில் கிடையாது. எனக்குத் தெரிந்தவரை இரண்டு பொருள்தான் இந்த மாவட்டத்தைக் கட்டுகின்றன: மலையைக் கடக்கும் கணவாய்கள், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். இவ்விரண்டும் யார் கையில் இருந்தன என்று பார்த்துக்கொண்டே போனால் இங்குள்ள குகை, கோட்டை, கலவரம், அணை எல்லாம் தத்தம் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகின்றன.

மேற்கு எல்லை சஹ்யாத்ரி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான், ஆனால் நீலகிரியைப் போல உருண்டு திரண்ட மலை அல்ல. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி உறைந்த பசால்ட் பாறை. உச்சி தட்டை, விளிம்பு செங்குத்து. கொங்கணக் கடற்கரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும். பருவமழை முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். லோணாவளாவில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. அங்கிருந்து 65 கிலோமீட்டர் கிழக்கே புனே நகரத்தில் 700 சுமார். இன்னும் நூறு கிலோமீட்டர் தள்ளி பாராமதி, இந்தாபூர் பக்கம் போனால் 500 பெய்தாலே விவசாயிக்கு நல்ல ஆண்டு.

உள்ளூர் மக்கள் இந்த வேறுபாட்டுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். மலையடிப் பள்ளத்தாக்குகள் மாவள். கிழக்குச் சமவெளி தேஷ். மாவளில் நெல் விளையும். முல்ஷிப் பக்கத்து அம்பேமோகர் அரிசியை உலையில் போட்டால் மாம்பூ வாசம் வரும் என்பார்கள். தேஷில் சோளமும் கம்பும். வாய்க்கால் வந்த பிறகு கரும்பு. மாவட்டத்தின் ஆறுகள் எல்லாம் மேற்கே பிறந்து கிழக்கே ஓடுகின்றன. குக்கடி, கோட், இந்திராயணி, பவனா, முளா, முத்தா, கர்ஹா, தென் எல்லையாக நீரா, எல்லாம் கடைசியில் பீமாவில் கலந்து, பீமா கிருஷ்ணாவில் கலந்து, வங்காள விரிகுடாவுக்குப் போகிறது. அரபிக்கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அதற்கு முதுகைக் காட்டி ஒரு தீபகற்பத்தையே குறுக்கே கடக்கிற ஆறுகள். காவிரிக்காரர்களான நமக்கு இது புதிதல்ல.

மனிதர்கள் முதலில் ஊர் கட்டியது வறண்ட கிழக்கில்தான். ஷிரூர் தாலுக்காவில் கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவில், டெக்கான் கல்லூரித் தொல்லியலாளர்கள் 1968 முதல் 1983 வரை அகழ்ந்தார்கள். கிடைத்தது கி.மு. 1600 முதல் 700 வரை தொடர்ந்து மக்கள் வாழ்ந்த ஒரு வேளாண் கிராமம். அவர்கள் இறந்தவர்களை வீட்டுத் தரையடியிலேயே புதைத்தார்கள். குழந்தைகளை இரண்டு தாழிகளை வாயோடு வாய் வைத்து அதற்குள். பெரியவர்களைக் குழியில், பாதங்களை வெட்டி எடுத்துவிட்டு. பாதம் எதற்காக வெட்டப்பட்டது என்பதற்கு, இறந்தவர் எழுந்து நடந்துவிடக் கூடாது என்ற அச்சமே காரணம் என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் குழந்தைத் தாழிகள் அந்நியமாகத் தெரியாது. மழை குறைந்ததும் அந்த ஊர் மெல்ல ஏழ்மைப்பட்டது; வீடுகள் சிறுத்தன; கடைசியில் ஊரே கலைந்தது. தண்ணீர்க் கணக்கு இந்த மாவட்டத்தில் அவ்வளவு பழையது.

கணவாய்க் கணக்கு நாணேகாட்டில் தொடங்குகிறது. ஜுன்னருக்கு மேற்கே, கல்யாண், சோபாரா துறைமுகங்களிலிருந்து தக்காணத்துக்கு ஏறும் பொதிவழி அது. கணவாயின் உச்சியில் சாதவாகனர்கள் ஒரு குகை குடைந்து, அரச குடும்பத்தாரின் உருவங்களைச் செதுக்கி வைத்தார்கள். இன்று பாதங்களும் பெயர்களும்தான் மிச்சம். பக்கச் சுவர்களில் அரசி நாகனிகையின் நீண்ட பிராமிக் கல்வெட்டு: செய்த வேள்விகள், கொடுத்த பசுக்கள், குதிரைகள், யானைகள், காசுகள். கொடையின் எண்ணிக்கைகளெல்லாம் எண்ணுருவிலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், இந்திய எண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இந்தச் சுவரைத் தவிர்ப்பதில்லை. குகைக்குச் சற்றுத் தள்ளி இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்தொட்டி நிற்கிறது. வணிகர்கள் சுங்கக் காசைப் போட்ட தொட்டி என்று ஊரார் சொல்கிறார்கள். உண்மையோ இல்லையோ, சுங்கம் வாங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

அந்தச் சுங்கமும் வணிகமும்தான் குகைகளாயின. ஜுன்னரைச் சுற்றி மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பௌத்தக் குடைவரைகள். ஒரே ஊரைச் சுற்றி இத்தனை குடைவரைகள் இந்தியாவில் வேறெங்கும் இல்லை. தெற்கே இன்னொரு கணவாயான போர்காட்டின் வாயிலில் கார்லா, பாஜா, பேட்சே. கார்லாச் சைத்தியம் நாட்டின் குடைவரைச் சைத்தியங்களிலேயே பெரியது. உள்ளே நுழைந்ததும் கூரையைப் பாருங்கள். வளைந்த வளைகள் கல்லல்ல, தேக்கு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அதே மரம் அதே இடத்தில் இருக்கிறது. தூண்களில் கொடையாளர் பெயர்கள்: யவனர்கள், தச்சர், துறவியர், வணிகர். வைஜயந்தியைச் சேர்ந்த பூதபாலன் என்ற செட்டி, ஜம்புத்வீபத்திலேயே சிறந்த குகை இதுதான் என்று எழுதி வைத்துவிட்டார். தற்பெருமை என்று தள்ள மனம் வரவில்லை. குகை வாசலை மறைத்தாற்போல் ஏக்வீரா அம்மன் கோவில். கொங்கணத்து மீனவர்களான கோளிகளின் குலதெய்வம். ஆண்டுதோறும் அவர்கள் கடற்கரையிலிருந்து மலையேறி வருகிறார்கள். பௌத்தம் போனது, கணவாய் வழிப் போக்குவரத்து போகவில்லை.

கி.பி. 758, 768 ஆண்டுகளின் ராஷ்டிரகூடச் செப்பேடுகளில் புனேயின் பெயர் வருகிறது. அப்போது அது ஒரு சிற்றூர். பெரிய ஊர் ஜுன்னர்தான். நிஜாம் ஷாஹி அரசை 1490-இல் நிறுவிய மாலிக் அகமதுவும் முதலில் ஜுன்னரில்தான் உட்கார்ந்தார். அந்த ஊருக்கு மேலே நிற்கும் சிவ்நேரிக் கோட்டையில் 1630 பிப்ரவரி 19 அன்று சிவாஜி பிறந்தார்.

அவருடைய தந்தை ஷாஹாஜிக்குப் புனேயும் சுபேயும் ஜாகீர். பிஜப்பூர்ப் படை புனேயை அழித்து, கழுதை பூட்டி உழுது போட்டது என்பது மரபு வழிச் செய்தி. சிவாஜியின் தாய் ஜிஜாபாயும் ஜாகீரை நிர்வகித்த தாதாஜி கொண்டதேவும் அதை மீண்டும் குடியேற்றினார்கள். ஷாஹாஜியின் மனம் தெற்கே பெங்களூரில் இருந்தது. அவருடைய இன்னொரு மகன் ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்து அங்கே ஓர் அரச மரபையே தொடங்கினார். தஞ்சைப் பெரிய கோவில் சுவரில் 1803-இல் பொறிக்கப்பட்ட போன்ஸ்லே வம்ச சரித்திரம், மிக நீண்ட மராத்திக் கல்வெட்டு, இந்தப் புனேக் குடும்பத்தின் கதைதான். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்குக் காவிரி நெல்வயல், மற்றவருக்கு மாவள் மலை.

மலை வாய்த்தவர் அதை எப்படிப் பயன்படுத்தினார் என்பது கோட்டைகளில் தெரியும். பசால்ட்டின் செங்குத்து விளிம்பே பாதி மதில். மீதியைக் கட்டினால் போதும். தோரணா, சுமார் 1400 மீட்டர், இளம் சிவாஜி பிடித்த முதல் கோட்டை என்று சொல்லப்படுவது. அங்கே கிடைத்த பொருளைக் கொண்டு எதிரே ராஜ்கட்டைக் கட்டினார்கள். ராய்கட்டுக்குப் போகும் முன் கால் நூற்றாண்டு போல அதுவே தலைநகர். மூன்று திசையில் மூன்று நீண்ட மலைத்தோள்கள், நடுவே உயர்ந்த உள்கோட்டை. ஏறிப் பார்க்கிறவர்களுக்கு வரைபடமே தேவையில்லை. எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து யார் வந்தாலும் மேலிருந்து தெரியும். 1665-இல் புரந்தரில் நடந்த உடன்படிக்கையில் முகலாயர்களுக்கு 23 கோட்டைகளைக் கொடுத்துவிட்டு 12-ஐ வைத்துக்கொண்டார் சிவாஜி. கொடுத்தவற்றுள் ஒன்றான கொண்டாணாவை 1670 பிப்ரவரியில் தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து மீட்டார், இன்றைய சிங்ககட். இந்தக் கோட்டைகளுக்கு ஆள் தந்தவர்கள் மாவளின் நெல் விவசாயிகள். மாவளே என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்திய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிவ்நேரி, லோகட், ராஜ்கட் மூன்றும் இந்த மாவட்டத்தவை. பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று, நம் செஞ்சி. 1677-இல் சிவாஜி அதைக் கைப்பற்றினார். அவருடைய மூத்த மகன் சாம்பாஜி கொல்லப்பட்ட பிறகு இளைய மகன் ராஜாராம் அங்கிருந்துதான் ஆண்டார். அந்தச் சாம்பாஜியை 1689-இல் ஔரங்கசீப் கொன்றது இதே மாவட்டத்துத் துளாப்பூரில், பீமாவும் இந்திராயணியும் கூடுமிடத்தில். செஞ்சியைப் பார்த்தவர்கள் ராஜ்கட்டையும், ராஜ்கட்டைப் பார்த்தவர்கள் செஞ்சியையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே போரின் இரு முனைகள்.

பின்னர் மராத்திய அரசை நடத்திய பேஷ்வாக்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. புனேக்காரர்கள் வேண்டிய மட்டும் சொல்லிவிட்டார்கள். 1730-இல் அடிக்கல் நாட்டிய சனிவார் வாடா 1828-இல் தீக்கிரையாகி, இப்போது மதிலும் வாசலும் அடித்தளமுமாக நிற்கிறது. வாசற்கதவின் இரும்பு முட்களைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். 1817 நவம்பரில் கட்கியில் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தோற்றதோடு அவர்கள் காலம் முடிந்தது. அடுத்த புத்தாண்டு நாளில் பீமாக் கரைக் கோரேகாவில் கம்பெனியின் சிறு படை பேஷ்வா படையைத் தடுத்து நின்றது. அதில் மகர் வீரர்கள் கணிசம், கூடவே மெட்ராஸ் பீரங்கிப் படையினரும் இருந்தார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்குள்ள நினைவுத் தூணுக்கு வந்தார். ஆண்டுதோறும் புத்தாண்டன்று லட்சக்கணக்கானோர் அங்கே கூடுகிறார்கள். சனிவார் வாடாவையும் கோரேகாவ்த் தூணையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு, இம்மாவட்டத்தில் ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நினைவுகள் உண்டு என்பது விளங்கும்.

ஆங்கிலேயர் காலத்தில் கதை கணவாயிலிருந்து தண்ணீருக்கு நகர்கிறது. போர்காட்டில் 1863-இல் ரயில் ஏறியது. அதே சமயம் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து பருத்தி வராமல் போகவே, லங்காஷயர் ஆலைகள் தக்காணத்துப் பருத்தியை நாடின; விலை ஏறியது; வட்டிக்காரர்கள் தாராளமாகக் கடன் கொடுத்தார்கள். 1865-இல் போர் முடிந்து விலை சரிந்தது. நிலவரி மட்டும் ஏறிற்று. 1875 மே 12 அன்று பாராமதிப் பக்கம் சுபே சந்தையில் விவசாயிகள் வட்டிக்காரர்களின் வீடுகளைத் தாக்கினார்கள். அவர்கள் தேடியது பணத்தையல்ல, கடன் பத்திரத்தை. பத்திரத்தைக் கொடுத்தவரை விட்டுவிட்டு, காகிதத்தைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கலவரம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. 1879-இல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது அதன் விளைவுதான். சுபேயில் சுற்றுலாப் பயணிக்குக் காட்ட ஒன்றும் இல்லை. என்றாலும் புனே மாவட்டத்தில் நடந்தவற்றில் உலக வரலாற்றோடு நேராகக் கைகோத்தது எது என்று கேட்டால் இந்தச் சந்தைத் தெருவைத்தான் சொல்வேன்.

கிழக்கின் வறட்சிக்கு அரசு கண்ட மருந்து அணையும் வாய்க்காலும். முத்தா மேல் கடக்வாஸ்லா, போர் என்ற ஊர்ப் பக்கம் பாட்கர். கடக்வாஸ்லாவில் 1903-இல் விஸ்வேஸ்வரய்யா தாமே வடிவமைத்த தானியங்கி மதகுகளைப் பொருத்தினார். நீரா வாய்க்கால் பாய்ந்த இடமெல்லாம் கரும்பாயிற்று. விடுதலைக்குப் பின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். அந்த ஆலைகளைப் பிடித்தவர்களிடம் மாநில அரசியல். பாராமதி என்ற ஊர்ப் பெயரைச் சொன்னாலே சரத் பவார் பெயர் கூட வருவதற்குப் பின்னணி இந்த வாய்க்கால்தான். மழையே பெய்யாத தாலுக்காக்களில் தண்ணீர் குடிக்கும் பயிர். மழை கொட்டும் தாலுக்காக்களில் கோடையில் குடிநீர்த் தட்டுப்பாடு. இந்த முரணைப் பார்க்காமல் புனே மாவட்டத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

முல்ஷியில் தண்ணீர் கிழக்கே கூடப் போகவில்லை. முளாவுக்குச் சேர வேண்டியதை டாடா நிறுவனம் அணைகட்டித் தேக்கி, மலைக்கு அந்தப் பக்கம் கொங்கணத்தில் இறக்கி, பம்பாய்க்கு மின்சாரம் எடுத்தது. நிலம் இழந்த மாவளே விவசாயிகள் 1921-இல் சேனாபதி பாபட் தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்கள். அணைக்கு எதிரான மக்கள் போராட்டங்களில் உலகிலேயே முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்வதுண்டு. மூன்று ஆண்டுகள் நடந்து, தோற்றது. இழப்பீடு பெரும்பாலும் நிலத்தின் பெயரளவு உரிமையாளர்களான நகரத்து வட்டிக்காரர்களுக்குப் போனதே தோல்விக்கு ஒரு காரணம். இன்று அந்த ஏரிக்கரையில் சொகுசு விடுதிகள் இருக்கின்றன.

1961 ஜூலை 12 அன்று, கட்டி முடியாத பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவையும் உடைத்துப் புனேயின் பழைய பேட்டைகளில் புகுந்தது. நகரத்துப் பெரியவர்கள் இன்றும் எதையும் வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின் என்று கணக்கிடுவார்கள். 2014 ஜூலை 30 அன்று அம்பேகாவ் தாலுக்காவின் மாளின் என்ற ஆதிவாசிக் கிராமம் மலைச்சரிவில் புதைந்தது. இறந்தவர்கள் 151 பேர்.

வழிபாட்டுத் தலங்களும் இந்த மேற்கு–கிழக்குக் கோட்டில்தான் வரிசை கட்டுகின்றன. பீமா பிறக்கும் இடத்தில் ஜோதிர்லிங்கமான பீமாசங்கர், சுற்றிலும் காடு, அதில் மாநில விலங்கான சேக்ரு என்ற பெரிய மலையணில். அஷ்டவிநாயகர் எட்டில் மோர்காவ், தேவூர், ராஞ்சண்காவ், ஓஜர், லேண்யாத்ரி ஐந்தும் இங்கே. லேண்யாத்ரிப் பிள்ளையார் இருப்பது பழைய பௌத்தக் குகையில். இந்திராயணிக் கரையில் ஞானேஸ்வர் 1296-இல் சமாதியான ஆளந்தி, துக்காராமின் தேகு. ஆனி, ஆடி வாக்கில் இரண்டு ஊர்களிலிருந்தும் பல்லக்குகள் புறப்பட்டு, லட்சக்கணக்கான வார்க்கரி பக்தர்களோடு பண்டரிபுரத்துக்கு நடக்கின்றன. மழை தொடங்கி விதைப்பு முடிந்ததும் நடைபயணம், ஆற்றோடு கிழக்கே.

இவை எல்லாவற்றிலும் தமிழ்ப் பயணிக்கு நான் முதலில் சொல்வது ஜெஜூரி. கருங்கல் படிகள், தீபக்கல் தூண்கள், பக்தர்கள் வாரி இறைக்கும் மஞ்சள்தூளான பண்டாரா. சோமவார அமாவாசையன்று கோவில் முற்றம், நந்தி, மனிதர் தலை, நாய்க்குட்டி முதுகு வரை மஞ்சள். தெய்வம் கண்டோபா, குதிரையேறிய போர்வீரர். மூத்த மனைவி மாளசா வணிகர் குலம். இளையவள் பாணாயி ஆடு மேய்க்கும் தன்கர் பெண், கண்டோபா தேடிப்போய் மணந்தவள். தெய்வானையையும் வள்ளியையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஒற்றுமையை ஜெர்மன் ஆய்வாளர் குந்தர் சோந்தைமர் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டு நகரத்தைச் சுற்றித் தொழிற்பேட்டைகளை அடுக்கியது: பிம்பிரி–சிஞ்ச்வட், சாக்கன், ராஞ்சண்காவ், தளேகாவ். நகரத்துக்கே உரிய எரவாடா சிறையை இங்கே ஒரு வரியில் சொல்லாமல் விட மனமில்லை. அங்கே 1932 செப்டம்பர் 24-இல் உருவான பூனா ஒப்பந்தத்தில் இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா, ராஜாஜி ஆகியோரின் கையொப்பங்களும் உண்டு. இன்னொரு தமிழகத் தொடர்பு வடக்கே ஜுன்னரில். ஊட்டி முத்தொரையில் மலைச்சரிவையே சாய்வாகப் பயன்படுத்தி ரேடியோ தொலைநோக்கி அமைத்த கோவிந்த் ஸ்வரூப்தான் நாராயண்காவ் அருகே கோடதில் 30 ராட்சத அலைவாங்கிகளை நிறுவினார். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். அந்த அலைவாங்கிகளுக்கு இடையே திராட்சைத் தோட்டங்களும் கரும்பும். கரும்பு அடர்ந்ததால் சிறுத்தைகள் காட்டை விட்டு வயலிலேயே குடியேறிக் குட்டி போடுகின்றன. மாணிக்டோவில் சிறுத்தை மீட்பு மையமே உண்டு. அறுவடைக் காலத்தில் கரும்பு வெட்டுகிறவர்கள் குட்டிகளைக் காண்பது அங்கே அதிசயமல்ல.

எப்போது, எங்கே போவது? மழைக்காலத்து லோணாவளாவை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. 2024 ஜூன் இறுதியில் பூஷி அணைக்கு மேலுள்ள அருவியில் ஒரே குடும்பத்தவர் ஐவர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மறு ஆண்டு ஜூனில் மாவளின் குண்டமளாவில் பழைய இரும்புப் பாலம் கூட்டத்தோடு இந்திராயணியில் விழுந்து நால்வர் இறந்தார்கள். கோட்டைகளுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ராஜ்கட் ஏற முழங்கால் கெட்டியாக வேண்டும். முடியாதவர்களுக்குச் சிங்ககட், மேலே வரை வண்டி போகும். அங்கே விறகடுப்பில் சுடும் சோள பாக்ரியும் கடலைமாவுப் பிட்லாவும் மண்சட்டித் தயிரும் கிடைக்கும்; மலையடிக் கிராமத்துப் பெண்கள் நடத்தும் கடைகள். சாஸ்வட் பக்கம் சீத்தாப்பழமும் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தியும் பருவத்தில் சாலையோரத்திலேயே விற்கும். அந்த அத்தித் தோட்டங்களில் ஒரு பகுதி புதிய விமான நிலையத்துக்கென்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஏழு கிராமத்தார் அதை எதிர்த்துப் போராடினார்கள். கிழக்கே பிக்வணுக்கு டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போனால், உஜனி அணையின் பின்நீரில் பூநாரைகளைப் படகிலிருந்தே பார்க்கலாம். கோடை முற்றி நீர் வற்றினால் பூநாரைகள் போய்விடும். ஆனால் அப்போது பளஸ்தேவில் மூழ்கிய பளஸ்நாதர் கோவில் வெளியே வரும். இரண்டில் எது வேண்டும் என்பதைப் பொறுத்து டிக்கெட் போடுங்கள்.